வலப்பக்கத்து மீன்கொத்தி

சுருங்கட்டும். சுருங்குவதுதான் அதன் வேலை. தொடக்கூடாது. தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்ற நாட்களைப் போலக் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். மேசைமேல் நேசனின் மஞ்சள் விமானம், முழங்கை நீளம்கூட இல்லாதது. அதன் மூக்கின் வலப்பக்கத்தில், தபால்தலையில் பாதி அளவுக்கு, ஒரு மீன்கொத்தி. மருந்து பட்டுச் சுருங்கிக்கொண்டிருக்கிறது. மருந்து என்பது மாதிரி விமானங்கள் கட்டுகிற எங்கள் கிளப்பில் வழங்கும் பெயர். டீக்கால் என்கிற இந்த மெல்லிய படத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, காகிதத்திலிருந்து வழுக்கி இறக்கி, பிளாஸ்டிக்கின்மேல் அதற்குரிய இடத்தில் உட்காரவைத்த பிறகு, புளிக்காடி நாற்றமடிக்கும் அந்த மருந்தைத் தூரிகையால் ஒரே ஒரு தடவை தடவ வேண்டும். படம் இளகும். இளகும்போது முதலில் கண்கொண்டு பார்க்க முடியாதபடி சுருங்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் காரியத்தைக் கெடுப்பார்கள். பதறிப்போய் விரலை வைத்து நீவுவார்கள், படம் ரசத்தில் ஊறிய அப்பளம்போலப் பிய்ந்து விரலோடு வந்துவிடும். சும்மா விட்டுவிட்டால் தானே இழுத்துக்கொண்டு, தகட்டு இணைப்புக் கோடுகளுக்குள்ளெல்லாம் இறங்கி, கையால் வரைந்ததுபோலப் படிந்துவிடும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? இன்று காலையில்கூட, நாக்கு இன்னும் முழுசாகத் திரும்பாத அந்தக் குரலில், நேசன் போனில் சொல்கிறான்: "வாத்தியாரே, சுருங்கும். தொட்டுடாத." எனக்குச் சொல்கிறான். கிளப்பில் மற்றவர்களுக்கெல்லாம் இந்தப் பாடத்தை எடுத்ததே நான்தான். அவன் மட்டும் என்ன, ஒரு தடவை போர்விமானத்தின் இறக்கையில் விரலை வைத்துவிட்டு, "சைஸ் சரியில்லை, ஒரிஜினல் ஷீட்லயே தப்பு" என்று ஷீட்டை அடித்த ஜப்பான்காரன்மேல் பழியைப் போட்டவன்தானே. அதை நினைவூட்டியிருக்க வேண்டும். இந்த நிலைமையில் இருக்கிறவனிடம் எதையும் நினைவூட்ட முடியவில்லை என்பதும் அவன் எனக்குச் செய்கிற அநியாயம்.

"சித்திரை வெயில்ல ஃபேனை நிறுத்தி வச்சுக்கிட்டு என்ன பூஜை நடக்குது?" என்று கதவருகில் லோசனி. நாற்பது வருஷமாக என் மனைவியாக இருப்பவள், காற்று பட்டால் டீக்கால் பறக்கும் என்பதை ஏற்காதவள். "அஞ்சு நிமிஷம்" என்றேன். "போன வாரம் சொன்ன அஞ்சு நிமிஷமே இன்னும் முடியலை" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது விமானத்தை ஒரு பார்வை பார்த்தாள். "அண்ணனுது எப்படி வருது?" நேசனை அவள் அண்ணன் என்பாள். என்னைக் குறித்து ஒரு நாளும் எப்படி வருது என்று கேட்டதில்லை. நன்றாக வருகிறது என்றேன். நன்றாகத்தான் வருகிறது, மஞ்சள் அடித்தவன் நேசன், நோய் வருவதற்கு முன்னால், அதை யாரும் குறை சொல்ல முடியாது. குண்டு மூக்கு, உயர்ந்து நிற்கும் விமானி அறை, தாழ்ந்த இறக்கையின் அடியில் வரிசையாகத் தெளிப்பான் குழாய்கள். நெல்வயலுக்குப் பூச்சிமருந்து தெளித்த விமானம். படித்து முடித்த கையோடு இரண்டு பருவம் அதைப் பறக்கவிட்ட கம்பெனியில் நேசன் எஞ்சினியராக இருந்திருக்கிறான். பிறகு பெரிய விமானங்களுக்குப் போய், ஜம்போக்களையெல்லாம் பிரித்துப் பூட்டி, பெரிய பதவியில் ஓய்வு பெற்றான். அவன் கட்ட நினைத்ததென்னவோ தஞ்சாவூர் வயல்மேல் பறந்த இந்த மஞ்சள் வண்டைத்தான். டெல்டாவில் அதை மீன்கொத்திக் கம்பெனி என்றுதான் சொல்வார்களாம், மூக்கில் இருந்த சின்னத்துக்காக. உடம்பு கட்டி, மஞ்சள் அடித்து, பளபளப்புப் பூச்சும் கொடுத்து முடித்து, டீக்கால் ஒட்ட வேண்டியது மட்டும் மீதியிருக்கையில் மாசி மாதத்து ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டே சரிந்து விழுந்தான். வலது கை போயிற்று. இடுக்கி பிடிக்கிற கை. தாக்குகிற பக்கத்தைக்கூடப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது இந்தப் பக்கவாதம். மீதி வேலை என் கைக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தக் கை விரிப்பின்மேல் கிடந்தது. விரல்கள் உள்பக்கமாக மடங்கி, தோல் சுருங்கி, அவனுடையது இல்லை என்பதுபோல. நான் நீட்டிவிடலாம் என்று கையை வைத்தேன். "தொடாதீங்க சார், ட்ரிப் ஏறுது" என்று நர்ஸ் சொன்னாள். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவனிடம் பேசுகிற தொனி இல்லை அது. கையை எடுத்துக்கொண்டேன். அப்போது டாக்டர் வந்தார், பையன் முகம், காதில் ஏதோ கருவி. "ஐயா, இடது கையைத் தூக்குங்க." நேசன் தூக்கவில்லை, எதிரில் நின்ற டாக்டரின் இடது கையைக் கண்ணால் காட்டினான். டாக்டர் ஏதோ குறித்துக்கொண்டார். அவன் மகள் ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் போன பிறகு என் பக்கம் திரும்பி, குழறிக் குழறி, அவன் சொன்னது எனக்கு மட்டும்தான் புரிந்தது: "அவர் இடதா, என் இடதான்னு கேள்வியில தெளிவு இல்லை." இது மூளை கலங்கியவன் பேச்சா, நேசன் பேச்சா? வழக்கமாகவே அப்படித்தான் பேசுவான். ரயில்வே ஸ்டேஷனில் இரண்டாம் பிளாட்பாரம் என்று அறிவித்தால் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டு என்று கேட்பவன். அவனைத் தெரியாதவர்களை வைத்துக்கொண்டு அவனைச் சோதிக்கிறார்கள். சோதனையே தப்பு. ஆனால் தூக்கச் சொன்னால் தூக்கியிருக்கலாம் இல்லையா, ஒரு பேச்சுக்காகவாவது.

படத்தின் வால்பக்கம் மடிந்து மேலே எழும்புகிறது. எழும்பட்டும். தொடமாட்டேன். எனக்கு ஆத்திரம் வருவது இந்தப் பறவையைப் பற்றி அவன் கட்டிய கதையால். விமானத்தின் இரண்டு பக்கமும் பறவை உண்டு. எந்தச் சின்னமும் விமானத்தில் முன்னோக்கித்தான் பார்க்கும்; இடப்பக்கம் இடது பார்த்த பறவை, வலப்பக்கம் வலது பார்த்த பறவை, இரண்டும் மூக்கை நோக்கிப் பறக்கும். இதற்கு விளக்கம் தேவையில்லை. நேசன் என்ன சொல்கிறான் என்றால், அந்த ஒரு விமானத்தில் மட்டும் வலப்பக்கத்துப் பறவை வாலைப் பார்த்துப் பறந்ததாம். பெயின்டரிடம் இருந்தது தகரத்தில் வெட்டிய ஒரே அச்சு. இடப்பக்கம் அடித்து முடித்தான், மழை இருட்டிக்கொண்டு வந்தது, அச்சைத் திருப்பிப் போட வேண்டுமானால் ஈரப் பெயின்டைத் துடைக்க வேண்டும், துடைக்காமல் அப்படியே மறுபக்கம் வைத்து அடித்துவிட்டான். மறுநாள் அழிக்கப் போனபோது விமானி வேண்டாம் என்று தடுத்தாராம். "ஒண்ணு போகுது, ஒண்ணு திரும்பி வருது, இருக்கட்டும்" என்றாராம். பிறகு அது பறந்த காலம் முழுக்க அப்படியே பறந்ததாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருப்பதுதான் எனக்குச் சந்தேகம். முப்பத்திரண்டு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், இவ்வளவு அழகாக உட்காருகிற சம்பவம் நடந்திருக்காது. ஆதாரம் எங்கே? அந்த விமானத்துக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு போட்டோ, அதுவும் இடப்பக்கம் எடுத்தது. விமானி இல்லை, பெயின்டர் இல்லை, கம்பெனியே இல்லை. இருப்பது நேசனின் வாய், பாதி திரும்பிய வாய். இந்தக் கதையை அவன் நோய்க்கு முன்னால் ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அப்போதே தீர்த்திருப்போம், சண்டை போட்டு, ஒரு வாரம் பேசாமல் இருந்து, ஒழுங்காக. இப்போது, என்னால் பதிலுக்குக் கத்தவும் முடியாத நேரம் பார்த்துச் சொல்கிறான்.

அதற்கு மேல் ஜெசிந்தா. நேற்று விமானத்தை வைத்து எடுத்துப்போகிற பெட்டியைக் கொடுக்க வந்தவள் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள். "அங்கிள், அப்பா சொல்ற மாதிரி ஒட்டிடாதீங்க. அவருக்கு இப்ப இடது வலது கொழம்புது. செருப்பையே மாத்திப் போட்டுட்டு நடக்கறாரு. ஞாயித்துக்கிழமை உங்க கிளப்காரங்க எல்லாம் பாக்க வர்றாங்க. பறவை திரும்பி நின்னா என்ன பேசுவாங்க? பாவம், நினைவு போயிடுச்சுன்னுதான் பேசுவாங்க. அப்பா அதைத் தாங்கமாட்டாரு." அந்தப் பெண் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும், விமானத்தின் ரிவெட் ஆணிகளைக்கூட எண்ணிப் பார்க்கிறவர்கள். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். குனிந்து பார்ப்பார்கள், நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்ப்பார்கள், பிறகு "ஃபினிஷ் பிரமாதம் சார்" என்று அவன் தோளைத் தட்டுவார்கள். அந்தத் தட்டல் போதும் அவனுக்கு. சரி, முன்னோக்கி ஒட்டினால்? பெட்டியைத் திறந்து வலப்பக்கத்தைப் பார்த்த மறுநிமிஷம் நேசனுக்குத் தெரிந்துவிடும், டாக்டர், மகள், வாத்தியார் மூன்று பேரும் ஒரே கட்சி என்று. ஒட்டினாலும் குற்றம், திருப்பி ஒட்டினாலும் குற்றம். இதில் எந்தப் பாவமும் செய்யாத நான் நடுவில் நிற்கிறேன், ஃபேன் இல்லாமல். இன்று காலை அதைத்தான் போனில் கேட்டேன்: "நேசா, வலது பறவை விஷயத்துல நீ உறுதியா இருக்கியா?" அந்தப் பக்கம் மூச்சு மட்டும். "ஆதாரம் தேடிக்கிட்டு இருக்கியா?" என்றான். பிறகு, "உனக்குத் தோணுற மாதிரி ஒட்டு" என்றான். இத்தனை வருஷ சிநேகிதத்தில் அவன் ஒருவரையும் அவரவருக்குத் தோன்றுகிறபடி ஒரு காப்பிகூடப் போட விட்டதில்லை. சர்க்கரை எப்போது போடுவது என்பதற்கு அவனிடம் வாதம் உண்டு. அவனா சொல்கிறான், தோணுற மாதிரி என்று. அந்தக் கோபத்தில்தான் போனை வைத்த கையோடு என் பறவையை எடுத்து ஊறவைத்தேன். சரி, எனக்குத் தோன்றுகிறபடியே ஆகட்டும்.

என் பறவை என்றால், நான் தனியாகச் சென்னையில் அச்சடித்து வாங்கியது, வலது பார்த்தது. வாங்க வேண்டி வந்ததற்குக் காரணம் சிவகாசிக்காரன். நேசன் தன் டீக்கால்களை வழக்கம்போலச் சிவகாசியில் வள்ளிமுத்து என்பவரிடம் அடிக்கக் கொடுத்திருந்தான். தாள் எனக்கு வந்து சேர்ந்தபோது பிரித்துப் பார்த்தால், எழுத்துகள் சரி, பட்டைகள் சரி, எச்சரிக்கைக் குறிகள் எறும்பு அளவில் அத்தனை சுத்தம். பறவைகள் இரண்டும் இடது பார்த்தவை. ஒன்றை மாற்றிப் போடத் தெரியவில்லை அந்த ஆளுக்கு. எனக்கு வந்த கோபத்தில் கிளப் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பத்தி எழுதினேன், காலண்டர் அடிக்கிற இடத்தில் டீக்கால் அடிக்கக் கொடுத்தால் இப்படித்தான் என்று. பதினாலு பேர் கைதட்டினார்கள். எறும்பு அளவு எழுத்தைச் சுத்தமாக அடித்தவன் பறவையில் கோட்டை விடுவானா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எறும்பு அளவு எழுத்து. ஒரு புள்ளிகூடப் பிசகாத தாள். பறவையில் மட்டும் பிசகு. தாள் எப்போது வந்தது? பங்குனியில். ஆனால் கொடுத்தது எப்போது? பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வாங்க வந்தவன், லோசனியிடம் பாத்திரத்தை நீட்டிக்கொண்டே, "சிவகாசிக்குப் படம் அனுப்பிட்டேன், அவனுக்கு விளக்குறதுக்குள்ள வாய் வலிச்சுப் போச்சு" என்றான். வாய் வலிக்கிற அளவுக்கு எதை விளக்கினான்? எழுத்தையா? எழுத்தை விளக்க என்ன இருக்கிறது. விழுந்தது மாசியில். படம் அனுப்பியது பொங்கலில்.

நிற்க. மெதுவாக. நான் வகுப்பில் எத்தனை வருஷம் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன்: கல்வெட்டில் இருப்பது உன் கருத்துக்கு ஒத்துவரவில்லை என்றால், கல் வெட்டியவன் பிழை செய்துவிட்டான் என்று சொல்லித் தப்பிக்காதே, முதலில் உன் கருத்தைச் சந்தேகி. அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தூங்கிய பிள்ளைகள் எல்லாரும் இப்போது இந்த அறைக்கு வந்து சுவரோரம் நிற்கிறார்கள். வெட்டியவன்மேல் பழியைப் போட்டுப் பத்தி எழுதியது யார்? அப்படியானால் நேசன் சொல்வது சரி. இல்லை, அப்படியும் ஆகிவிடாது. வள்ளிமுத்துவே நிஜமாகத் தவறியிருக்கலாம். எவ்வளவு சுத்தமானவனுக்கும் ஒரு பறவை தவறும். தாள் ஒன்றையும் நிரூபிக்கவில்லை, என் உறுதியை மட்டும் கெடுக்கிறது. தீர்க்க வழியா இல்லை, போன் மேசைமேல்தான் கிடக்கிறது, அவர் எண் அதில் இருக்கிறது. "வள்ளிமுத்து, நேசன் சார் ரெண்டு பறவையும் இடது பாத்துதான் அடிக்கச் சொன்னாரா?" ஒரு நிமிஷ வேலை. ஆமாம் சார் என்றால் திருப்பி ஒட்டுவேன், இல்லை சார், எங்க தப்புதான் என்றால் ஒட்டியது ஒட்டியபடி. ஆராய்ச்சிக்காரன் செய்ய வேண்டியது அதுதான். போனை எடுத்தேன். விரல் ஈரம், திரை கேட்கவில்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பறவை திரும்பி நிற்பதைப் பார்த்தால் நேசன் சந்தோஷப்படமாட்டான், அவனை எனக்குத் தெரியும், முதல் கேள்வி, "யாரைக் கேட்ட?" என்பான். வள்ளிமுத்துவை என்று சொல்ல வேண்டும். அப்போது அவன் நம்பப்பட்டதாக ஆகாது. வள்ளிமுத்து நம்பப்பட்டதாக ஆகும். பல் துலக்கும்போது விழுந்தவன் சொல்வதற்குச் சிவகாசியிலிருந்து ஒரு சான்றிதழ் வாங்கிவந்த சிநேகிதன் நான். எனக்கே இப்படி நேரலாம், நாளைக்கே நேரலாம். பல் துலக்குவது நானும்தான். இரவில் சில சமயம் எழுதுகிற கையை ஆட்டிப் பார்த்துக்கொள்கிறேன், இது வலது, இது வலது என்று. அப்போது நான் ஏதாவது ஒன்று சொல்வேன், யாருக்கும் தெரியாத ஒன்று, என்னைத் தவிர சாட்சி இல்லாதது. இவர்கள் எல்லாரும் என் தலைக்கு மேலே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நேசன் பார்க்கமாட்டான். நேசன் என்ன செய்வான்? சண்டை போடுவான். நான் சொன்னது தப்பு என்று, முழு மனிதனிடம் போடுகிற மாதிரி, நாற்காலியைத் தட்டிச் சண்டை போடுவான். எவ்வளவு பெரிய மரியாதை அது. நான் அதைக்கூட அவனுக்குச் செய்யவில்லை; உறுதியா இருக்கியா என்று நர்ஸ் குரலில் கேட்டேன்.

போனைக் கீழே வைத்தேன். படம் இதற்குள் பாதி இழுத்துக்கொண்டுவிட்டது. சுருக்கங்கள் ஒவ்வொன்றாகக் கரைகின்றன. அலகு வந்துவிட்டது, நீல முதுகு வந்துவிட்டது, வாழ்நாளில் நான் ஒட்டியதிலேயே சுத்தமாகப் படிகிற டீக்கால் இதுவாகத்தான் இருக்கும். முன்னோக்கிப் பார்க்கிறது. எல்லா நியாயமும் அதன் பக்கம். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் காய்ந்துவிடும், பிறகு மஞ்சளோடுதான் வரும். நீ நல்ல பறவை, உன்மேல் குற்றமில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, எல்லாருக்கும் செய்யக்கூடாது என்று சொல்லிக்கொடுத்ததைச் செய்தேன். கட்டைவிரலை ஈரமாக்கி வைத்து ஒரு இழுப்பு. நீலமும் ஆரஞ்சும் விரலில் அழுக்குபோல உருண்டு வந்தன. தண்ணீரைத் தொட்டுத் துடைத்தேன். மஞ்சளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நேசனின் பளபளப்புப் பூச்சு அப்படி. பிறகு சிவகாசித் தாளிலிருந்து மிச்சமிருந்த பறவையை வெட்டினேன், அது ஒன்றுதான் இருக்கிறது, இது போனால் அவ்வளவுதான். கிண்ணத்தில் போட்டேன். ஊறியது. இடுக்கியின் நுனியால் எடுத்து, தூரிகையால் காகிதத்திலிருந்து நகர்த்தி, மூக்கின் வலப்பக்கத்தில், வாலைப் பார்த்து. அசிங்கமாக இருந்தது. உடம்பெல்லாம் கூசியது. பஞ்சுக்குச்சியால் தண்ணீரை ஒற்றினேன், மருந்தைத் தடவினேன், ஒரே தடவை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். சுருங்க ஆரம்பித்தது. இது முன்னதைவிட மோசமாகச் சுருங்குகிறது, வள்ளிமுத்துவின் தாள் மெல்லிசு. இறக்கை கசங்கி அலகோடு ஒட்டிக்கொள்ளும்போல இருக்கிறது. போன் அடித்தது. நேசன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"ஒட்டியாச்சா?"

"ஆச்சு."

எந்தப் பக்கம் என்று கேட்பான் என்று பார்த்தேன். கேட்கவில்லை. மூச்சு மட்டும் வந்தது, காலையில் வந்த அதே மூச்சு.

"உன் பறவை வாலைப் பாத்துப் போகுது" என்றேன். "பாக்கச் சகிக்கலை. அந்த பெயின்டரை அன்னைக்கே வேலையை விட்டு நிறுத்தியிருக்கணும்."

அந்தப் பக்கம் ஒரு சத்தம். சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. வாய் ஒரு பக்கமாகச் சிரித்தால் அப்படித்தான் இருக்கும்போல. "சகிக்காதுதான்" என்றான். பிறகு, "யாரைக் கேட்ட?"

"யாரையும் கேக்கலை."

லோசனி வாசலில் வந்து நின்று ஃபேன் சுவிட்சைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அங்கேயே நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை எவனாவது ஆதாரம் என்னன்னு கேட்டா?"

"நேசன் சொன்னான்னு சொல்வேன்."

"அது ஆதாரம் ஆகாதே, வாத்தியாரே."

"ஆகாது. ஆனாலும் அதைத்தான் சொல்வேன். வாயை மூடு, இங்க வேலை நடக்குது."

வாயை மூடினான். போனை மட்டும் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கழுத்து வலித்தது, வியர்வை புருவத்தில் இறங்கியது, துடைக்கக் கையை எடுத்தால் கை வேறெங்காவது போய்விடும் என்று எடுக்கவில்லை.

"சுருங்குதா?"

"சுருங்குது."

"தொட்டுடாத."

"தொடலைடா."